ஒரு நாளைக்கு ஓர் அதிகாரம்

வேதாகமத்தை முழுவதும் வாசித்து முடிக்க வேண்டும் என்று இரண்டு வருடம் புத்தாண்டு அன்று ஆரம்பித்தேன். இரண்டு முறையும் மூன்றாவது புத்தகமான லேவியராகமத்தில் நின்றுபோனேன். 66 புத்தகங்கள் கொண்ட பதிப்பில் மொத்தம் 1189 அதிகாரங்கள். ஒரு வருடத்துக்குள் முடிக்க தினமும் மூன்று, சில நாள் நான்கு வாசிக்க வேண்டும். ஆதியாகமம் கதைபோல ஓடிவிடும். யாத்திராகமத்தில் வழிபாட்டுக்கான ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள் தொடங்கும்போது வேகம் குறையும். பலிகளின் முறைமைகளுக்கு வரும்போது நான்கு நாள் விட்டுப்போயிருக்கும், பதிமூன்று அதிகாரம் பாக்கி நிற்கும். அப்புறம் வேதப் புத்தகத்தைப் பார்த்தாலே கடன் கொடுத்தவரைப் பார்ப்பதுபோல இருக்கும்.

மூன்றாவது முறை ஆரம்பித்தபோது எனக்கு வேலை இல்லை. இந்த முறை திட்டம் எதுவும் போடவில்லை. ஒரு நாளைக்கு ஓர் அதிகாரம், அவ்வளவுதான். இந்தக் கணக்கில் முழு வேதமும் முடிய மூன்றே கால் வருடம் ஆகும். ஆகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த நாட்களில் எனக்கு வாக்குத்தத்த வசனங்கள்தான், அதாவது தேவன் வாக்குக் கொடுக்கும் வசனங்கள்தான், தேவைப்பட்டன. கண்ணை மூடிப் பக்கத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தை எனக்கென்று எடுத்துக்கொண்ட காலமும் உண்டு. இதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது, ஆனால் பலர் செய்வதுதான். எரேமியா 29:11 எனக்கு மனப்பாடம்: "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அடுத்த வாரமே நேர்காணலுக்கு அழைப்பு வரும் என்பதற்கு அதைச் சாட்சியாக வைத்திருந்தேன். அழைப்பு வரவில்லை. ஒருநாள் அந்த அதிகாரத்தை மேலிருந்து வாசித்தேன். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம். எனக்குப் பிடித்த வசனத்துக்கு முந்தின வசனத்திலேயே எழுபது வருஷம் என்று இருக்கிறது. அதைக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பியிருக்கவே மாட்டார்கள். அவர்களுக்குச் சொல்லப்பட்டது என்ன? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் செய்யுங்கள். அன்று எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த வசனத்தை லாட்டரிச் சீட்டுபோலப் பிடித்துக்கொண்டிருந்த கை அன்றோடு தளர்ந்தது.

ஆகவே முதலில் நான் சொல்வது இதுதான்: தனி வசனத்தை எடுக்காதீர்கள், அது வரும் அதிகாரத்தை எடுங்கள்.

ஓர் அதிகாரத்தோடு நிறுத்துவதில் இன்னொரு லாபம் இருக்கிறது. அது எனக்குத் தற்செயலாகத்தான் தெரிந்தது. ஆதியாகமம் 16-இன் கடைசி வசனத்தில் ஆபிராமுக்கு வயது 86. அன்று அதோடு மூடிவைத்துவிட்டேன். மறுநாள் 17-இன் முதல் வசனத்தில் அவருக்கு 99. நடுவில் பதின்மூன்று வருடம்! முன்பு இரண்டையும் ஒரே மூச்சில் தாண்டிப் போயிருக்கிறேன், கவனித்ததே இல்லை. தேவன் அழைத்து 75 வயதில் ஊரைவிட்டுப் புறப்பட்டவருக்கு மகன் ஈசாக்கு பிறந்தது 100 வயதில். அந்த இருபத்தைந்து வருடத்தில் சில நாட்கள்தான் நமக்கு எழுதிக் கிடைத்திருக்கின்றன. இடையில் அவர் காலையில் எழுந்தார், மந்தையைப் பார்த்தார், படுத்தார், இவ்வளவுதான் இருந்திருக்கும். வேலை இல்லாத என் ஒன்பது மாதம் அந்த இடைவெளிக்குள் சுலபமாக அடங்கிவிட்டது.

விசுவாசம் என்றால் உள்ளே எழும் ஓர் உறுதியான உணர்ச்சி என்றே நினைத்திருந்தேன். அது இல்லாத நாட்களில் எனக்கு விசுவாசமே இல்லையோ என்ற பயம் வரும். "தன் விசுவாசத்தினாலே நீதிமான் பிழைப்பான்" என்று ஆபகூக் தீர்க்கதரிசியின் புத்தகம் சொல்லும் இடத்தில் எபிரெயத்தில் இருக்கும் சொல் எமுனா. அதே சொல் யாத்திராகமம் 17-இல், போர் நடக்கும்போது மோசே உயர்த்திப் பிடித்த கைகளைப் பற்றி வருகிறது. தமிழில் அதை "ஒரே நிலையாயிருந்தது" என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். அந்தக் கைகள் தானாக நிற்கவில்லை என்பது இன்னும் அழகு. களைத்துப்போனவரைக் கல்லின்மேல் உட்காரவைத்து, ஆரோனும் ஊர் என்பவரும் இரண்டு பக்கமும் தாங்கிக்கொண்டார்கள். இதை வாசித்த பிறகுதான் எனக்காக ஜெபம் செய்யுங்கள் என்று இரண்டு நண்பர்களிடம் வாய்விட்டுக் கேட்டேன். அதுவரை கேட்கக் கூச்சம்.

நடைமுறைக்கு வருகிறேன். புதிதாக ஆரம்பிப்பவர்கள் மாற்கு சுவிசேஷத்திலிருந்து தொடங்கலாம், பதினாறே அதிகாரம். பழைய மொழிபெயர்ப்பின் நீண்ட வாக்கியங்கள் கண்ணுக்குப் பிடிபடாவிட்டால் வாய்விட்டு வாசித்துப் பாருங்கள், காதுக்குப் பிடிபடும். பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கட்டும், ஒரே ஒரு வரி எழுதினால் போதும். புரியாததைக் கேள்வியாகவே எழுதுங்கள். பதில் எழுதித்தான் ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. செல்போனில் வாசிப்பவர்கள் முதலில் அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள்.

நாள் விட்டுப்போனால்? விட்டது விட்டதுதான். மறுநாள் இரட்டிப்பாக வாசித்து ஈடுகட்டாதீர்கள். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் தேவன் கொடுத்த உணவான மன்னாவை அன்றன்றைக்குத்தான் சேர்த்தார்கள். விடியும்வரை மிச்சம் வைத்ததில் புழு பிடித்தது. ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் இரண்டு பங்கு.

எதுவுமே ஒட்டாத நாட்களுக்கு சங்கீதப் புத்தகத்தில் ஒரு பாடல் வைத்திருக்கிறேன், 88-ஆம் சங்கீதம். மற்றப் புலம்பல்கள் பலவற்றில் கடைசியிலாவது ஒரு துதி எட்டிப் பார்க்கும். இதில் அதுவும் இல்லை, இருட்டிலேயே முடிகிறது. ஆனால் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்றுதான் தொடங்குகிறது. இப்படி ஒன்றை வேதத்துக்குள் விட்டுவைத்திருக்கிறார்களே என்பதே எனக்குப் பெரிய ஆறுதல். மாற்கு 9-இல் நோயுற்ற மகனின் தகப்பன் ஒரே வாக்கியத்தில் விசுவாசிக்கிறேன் என்றும் சொல்கிறான், என் அவிசுவாசம் நீங்க உதவும் என்றும் கேட்கிறான். முதலில் விசுவாசத்தைச் சரிசெய்துகொண்டு வா என்று இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை. அப்போதே பிள்ளையைக் குணமாக்கினார்.

வேலை பிறகு கிடைத்தது, நான் கேட்டது அல்ல, வேறொன்று. லேவியராகமத்தை இருபத்தேழு நாளில் தாண்டினேன். பிடித்துப் போனது என்று பொய் சொல்ல மாட்டேன். 19-ஆம் அதிகாரம் மட்டும் விதிவிலக்கு: வயலின் ஓரத்தைத் தீர அறுக்காதே, எளியவனுக்கும் பரதேசிக்கும், அதாவது வேற்றூரிலிருந்து வந்தவனுக்கும், விட்டுவிடு என்று அதில் வருகிறது. அந்த நாளின் வரியாக நோட்டில் எழுதியது, "என் ஓரம் எது?" அதற்குக் கீழே இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.