போன் லாக் மறந்துவிட்டதா? ரீசெட் செய்வதற்கு முன் ஜிமெயிலைப் பாருங்கள்

ஆண்ட்ராய்டு போனில் பின் நம்பரோ பேட்டர்னோ மறந்துபோனால், பதற்றத்தில் பலரும் முதலில் செய்வது போனை ஆஃப் செய்து ஆன் செய்வது. கைரேகை இன்னும் வேலை செய்கிறது என்றால் தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். போன் ஒருமுறை ஆஃப் ஆகி ஆன் ஆனால் பின் நம்பர் போடும்வரை கைரேகையை ஏற்காது. ஆஃப் செய்யாவிட்டாலும், கடைசியாகப் பின் நம்பர் போட்டு 72 மணி நேரம் ஆனதும் மறுபடி அதைக் கேட்கும். ஆகவே உங்கள் கையில் இருப்பது அதிகபட்சம் மூன்று நாள். சார்ஜ் இறங்கி போன் அணைந்துவிட்டாலும் கதை முடிந்தது, முதலில் சார்ஜரில் போடுங்கள்.

கைரேகையால் உள்ளே போய் புது பின் நம்பர் வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். முடியாது, செட்டிங்ஸ் பழைய நம்பரைக் கேட்கும். ஆனால் உள்ளே இருப்பதை வெளியே எடுக்கலாம். கேபிளைக் கம்ப்யூட்டரில் செருகி, போனில் வரும் யுஎஸ்பி அறிவிப்பில் ஃபைல் டிரான்ஸ்ஃபரைத் தேர்ந்தெடுத்து படங்களை முழுதாக நகலெடுங்கள். வாட்ஸ்அப்பில் சாட் பேக்கப் எடுங்கள். போனிலேயே சேமித்த தொடர்பு எண்களை காண்டாக்ட்ஸ் செயலியில் எக்ஸ்போர்ட் செய்து, அந்தக் கோப்பை வேறு யாருக்காவது அனுப்பிவையுங்கள். கடைசியாக, பிளே ஸ்டோரில் மேல் மூலையில் இருக்கும் படத்தைத் தொட்டு, அங்கே தெரியும் ஜிமெயில் முகவரியை எழுத்துப் பிசகாமல் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இது எதற்கு என்பது கீழே வரும்.

கைரேகையும் இல்லையென்றால்? தகவல் அழியாமல் லாக்கை எடுத்துத் தருவதாகச் சொல்லும் மென்பொருள்களுக்குப் பணம் கட்டாதீர்கள். ஆண்ட்ராய்டு 4.4 வரை, பலமுறை தவறாகப் போட்டால் கூகுள் கணக்கு வழியாகத் திறக்கும் வசதி இருந்தது. 5.0-இல் அது போய்விட்டது. பேட்டர்ன் இருக்கும் கோப்பை அழித்துத் திறக்கும் வித்தையும் அந்தக் காலத்துப் போன்களோடு சரி. ஆண்ட்ராய்டு 10-உடன் வெளிவந்த போன்களிலிருந்து சேமிப்பகம் முழுக்கக் குறியாக்கம் (சாவி இல்லாமல் வாசிக்க முடியாதபடி மாற்றுவது) செய்யப்பட்டே இருக்க வேண்டும். அந்தச் சாவி உங்கள் பின் நம்பரோடு பிணைந்தது. பூட்டை நீக்கினாலும் உள்ளே இருப்பதை வாசிக்க முடியாது.

சாம்சங்கில் மட்டும் ஒரு வழி உண்டு. சாம்சங் கணக்கு போட்டு, ரிமோட் அன்லாக்கை முன்கூட்டியே ஆன் செய்திருந்தால், வேறு சாதனத்திலிருந்து அந்தக் கணக்கில் நுழைந்து திறக்கலாம். போனில் நெட் இருக்க வேண்டும். மறந்த பிறகு இதை ஆன் செய்ய முடியாது.

மற்றவர்களுக்கு மிஞ்சுவது ரீசெட்தான், அதாவது போனில் உள்ள எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத் தொடங்குவது. அதற்கு முன் ஒரே ஒரு சோதனை: போனில் இருந்த ஜிமெயிலுக்குள் வேறொரு சாதனத்தில் நுழைய முடிகிறதா? ஆண்ட்ராய்டு 5.1 முதல், இப்படி வெளியிலிருந்து அழித்த போன் மறுபடி எழும்போது பழைய கூகுள் கணக்கையோ பழைய பின் நம்பரையோ கேட்கும். திருடர்களைத் தடுக்க வந்த ஏற்பாடு, உரிமையாளரையும் அப்படியே தடுக்கும். நம் வீட்டுப் பெரியவர்களின் போன்களில் சிக்கல் பெரும்பாலும் இங்கேதான். கடைக்காரர் வாங்கிய அன்றே ஒரு ஜிமெயில் உருவாக்கிக் கொடுத்திருப்பார், பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டு, கூகுள் கணக்கு மீட்புப் பக்கத்தில் அந்த எண்ணைக் கொடுங்கள். அந்த எண் கணக்கில் பதிவாகியிருந்தால் ஓடிபி வரும். பாஸ்வேர்டைப் புதிதாக மாற்றினால், ரீசெட் செய்ய 24 மணி நேரம் பொறுங்கள். உடனே செய்தால் புதுப் பாஸ்வேர்டை போன் ஏற்காமல் போகலாம். எந்த வழியும் பலிக்கவில்லை என்றால் ஒரிஜினல் பில்லோடு நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்குப் போவதே சரி.

இனி ரீசெட். சார்ஜ் பாதிக்கு மேல் இருக்கட்டும், மெமரி கார்டைக் கழற்றிவிடுங்கள். சாம்சங்கின் புதிய மாடல்களில் போனைக் கேபிளால் கம்ப்யூட்டரோடு இணைத்தால்தான் ரிகவரி, அதாவது லாக்கைத் திறக்காமலே போனை அழிக்க உதவும் பட்டியல், வரும். பவரையும் வால்யூம் குறைக்கும் பட்டனையும் சேர்த்து அழுத்திப் பிடியுங்கள். திரை கறுத்த நொடியில் விரலை வால்யூம் கூட்டும் பட்டனுக்கு மாற்றுங்கள், பவரை விட வேண்டாம். லோகோ வந்ததும் விடலாம். ஷாவ்மியில் அணைத்துவிட்டு பவரும் வால்யூம் அப்பும். பிக்சலில் பவரும் வால்யூம் டவுனும் அழுத்தி, வரும் பட்டியலில் ரிகவரி மோடைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே சாய்ந்து கிடக்கும் ரோபோவும் ‘நோ கமாண்ட்’ என்ற எழுத்தும் வந்தால் போன் கெட்டுவிடவில்லை. பவரை அழுத்தியபடியே வால்யூம் அப்பை ஒரு தட்டுத் தட்டி, பிறகு விடுங்கள்.

பட்டியலில் வால்யூமால் இறங்கி, ‘வைப் டேட்டா, ஃபேக்டரி ரீசெட்’ வரியில் பவரை அழுத்துங்கள். பக்கத்தில் இருக்கும் ‘வைப் கேஷ்’ லாக்கை எடுக்காது. முடிந்ததும் ‘ரீபூட் சிஸ்டம் நவ்’. முதல்முறை எழ சில நிமிடம் ஆகும், பொறுமையாக இருங்கள்.

அழிந்ததில் எது திரும்பும் என்பதில் ஒரு கசப்பான விஷயம் இருக்கிறது. ஆண்ட்ராய்டு 9 முதல் கூகுள் பேக்கப்பில் உள்ள செயலித் தரவுகள் பழைய ஸ்கிரீன் லாக்கால் பூட்டப்பட்டவை. மீட்கும்போது அதே மறந்த நம்பரைத்தான் கேட்கும். கூகுள் கணக்கில் சேர்ந்த தொடர்பு எண்களுக்கும் கூகுள் போட்டோஸில் ஏறிய படங்களுக்கும் அந்தத் தடை இல்லை, ஜிமெயில் போட்டதும் வந்துவிடும். வாட்ஸ்அப் பேக்கப்பும் தனி. அதே மொபைல் எண், அதே ஜிமெயில் இருந்தால் போதும், பேக்கப்புக்குத் தனிப் பாஸ்வேர்டு வைத்திருந்தால் அதுவும் வேண்டும். எண்ணைச் சரிபார்த்ததும் ‘ரிஸ்டோர்’ என்று ஒருமுறை கேட்கும். அவசரத்தில் ‘ஸ்கிப்’ அழுத்திவிட்டால், செயலியை நீக்கிவிட்டு உடனே மறுபடி நிறுவுங்கள். புதுப் பேக்கப் ஓடி பழையதன் மேல் எழுதிவிடுவதற்குள் செய்துவிட வேண்டும்.