தரங்கம்பாடி ராஜ வீதியில் ஒரு ஜெப நாள்

மயிலாடுதுறை மாவட்டத்தில், பொறையாற்றுக்கு அருகே கடலோரமாக இருக்கும் தரங்கம்பாடிக்குச் செல்கிறவர்களில் பலர், 1620இல் எழுந்த டேனியர் கோட்டையையும் அதன் எதிரே விரியும் கடலையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நாங்கள் சென்றது வேறொன்றுக்காக. 1792ஆம் ஆண்டின் நகர வாயிலைக் கடந்து கடலை நோக்கி நீளும் ராஜ வீதியில் இரண்டு பழைய ஆலயங்கள் இருக்கின்றன. 1701இல் கட்டப்பட்ட சீயோன் ஆலயம் இன்று தென்னிந்தியத் திருச்சபையை (சி.எஸ்.ஐ.) சேர்ந்தது. 1718இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட புதிய எருசலேம் ஆலயம் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையைச் சேர்ந்தது. அதே வீதியில் கத்தோலிக்கக் கன்னியர் மடம் ஒன்றும் உள்ளது. பிரிந்திருக்கும் சபைகள் ஒரே தெருவில் வாழும் ஊரில், பிரிந்திருக்கும் சபைகளைச் சேர்ந்த நாங்கள் ஒன்றாக அமர்ந்து ஜெபிக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பமாக இருந்தது.

எங்கள் ஊரில் சி.எஸ்.ஐ. பெண்கள் ஐக்கிய சங்கத்தினரும், லுத்தரன் சபையின் மாதர் சங்கத்தினரும், கத்தோலிக்கப் பங்கின் மரியாயின் சேனையைச் சேர்ந்த சகோதரிகளும் ஆண்டுதோறும் மார்ச் மாத முதல் வெள்ளிக்கிழமை உலக ஜெப தினத்தைச் சேர்ந்து ஆசரிக்கிறோம். ஒவ்வோர் ஆண்டும் ஒரு நாட்டுப் பெண்கள் எழுதிய ஆராதனை முறைமையை உலகெங்கும் பெண்கள் அன்று வாசிக்கிறார்கள். கிறிஸ்துமஸ் கீத பவனி, வெள்ள நிவாரணம், ஏழைப் பிள்ளைகளுக்குப் புத்தகம் என்று எதற்கு அழைத்தாலும் மூன்று சபையாரும் வந்துவிடுவார்கள். ஆனால் கூட்டு நிகழ்ச்சி என்று சொன்னவுடன் மேடையும் ஒலிபெருக்கியும் பொன்னாடையும் சிற்றுண்டியும் தாமாகவே வந்து சேர்ந்துவிடுகின்றன. வரவேற்புரையும் நன்றியுரையும் போக ஜெபத்துக்கு மிஞ்சுவது ஐந்து நிமிடங்கள்தான். இந்தக் குறையைப் பேசிப் பேசித்தான், ஜனவரி 18 முதல் 25 வரை வரும் கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரத்தில் உரைகள் எதுவும் இல்லாத ஒரு பயணம் போகலாம் என்று முடிவு செய்தோம்.

முதலில் சீயோன் ஆலயத்தில் அமர்ந்தோம். டேனியக் குடியேற்றத்தாருக்காகக் கட்டப்பட்ட இந்த ஆலயம், ஊர் 1845இல் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்ட பின் ஆங்கிலிக்க (இங்கிலாந்துத் திருச்சபை) வழிக்கு வந்து, அந்த வழியாகவே இன்றைய நிலையை அடைந்திருக்கிறது. தம்மை விசுவாசிக்கிறவர்கள் ஒன்றாயிருக்க வேண்டும் என்று இயேசு ஜெபிக்கும் யோவான் 17ஆம் அதிகாரத்தை ஒரு சகோதரி வாசித்தார். வாசிப்பு முடிந்ததும், வழக்கம்போல் எங்கள் சி.எஸ்.ஐ. சங்கத்தார் ஒருவர்பின் ஒருவராகக் குரலெடுத்து ஜெபிக்க ஆயத்தமானபோது, மரியாயின் சேனையைச் சேர்ந்த மூத்த சகோதரி என் பக்கம் சாய்ந்து, "அக்கா, உங்க கோயில்ல எல்லாரும் ஆண்டவர்கிட்ட பேசிக்கிட்டே இருக்கீங்க, அவர் பேசறதுக்குக் கொஞ்சம் நேரம் விடுங்களேன்" என்றார். சிரிப்பு வந்தாலும் அவர் சொன்னபடியே செய்தோம். அரை மணி நேரம் எவரும் வாய் திறக்கவில்லை. சொற்களாலேயே ஜெபித்துப் பழகிய எனக்கு முதல் பத்து நிமிடங்கள் மிகவும் கடினமாக இருந்தன; வீட்டில் செய்யாமல் விட்டு வந்த வேலைகளெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. அதன்பின் மனம் எப்படியோ அடங்கியது.

இந்த ஊரை நாங்கள் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1919ஆம் ஆண்டு மே மாதம் 1, 2 ஆகிய நாட்களில் முப்பத்துமூன்று சபை ஊழியர்கள் தரங்கம்பாடியில் கூடினார்கள். இருவரைத் தவிர எல்லாரும் இந்தியர்கள். கூட்டியவர்களில் முதன்மையானவர் பேராயர் வே. சா. அசரியா, வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்து, 1912இல் தோர்ணக்கல்லில் ஆங்கிலிக்க சபையின் முதல் இந்தியப் பேராயரானவர். ஆங்கிலிக்கரும், காங்கிரிகேஷனல், பிரஸ்பிட்டேரியன் சபைகள் 1908இல் இணைந்து உருவான தென்னிந்திய ஐக்கிய சபையாரும் அங்கே சேர்ந்து வெளியிட்ட அறிக்கையே சபை ஒன்றிப்புப் பேச்சுக்கு வித்தானது. பேச்சுவார்த்தையில் மெதடிஸ்டுகள் பின்னர் சேர்ந்தார்கள். இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. அசரியா அதைக் காணவில்லை. 1945ஆம் ஆண்டின் முதல் நாளிலேயே அவர் காலமாகிவிட்டார்.

அந்த அறிக்கை, தங்களைப் பிரித்துவைத்திருப்பவை தாங்கள் உண்டாக்காத பிரிவினைகள் என்றும், அவை வெளியிலிருந்து சுமத்தப்பட்டவை என்றும், அவற்றை நீடிக்கவைக்கத் தங்களுக்கு விருப்பமில்லை என்றும் சொல்கிறது. அதை எழுதியவர்கள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் நடந்த சச்சரவுகளைத் தமிழனும் தெலுங்கனும் சுமக்க வேண்டியதில்லை என்று துணிந்து சொன்னவர்கள் அவர்கள். ஆயினும் அந்த வாக்கியம் பாதி உண்மையையே சொல்கிறது என்பது என் எண்ணம். இதே தரங்கை (தரங்கம்பாடி) மிஷனின் ஆலயங்களில் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே சாதிக்கொரு பக்கமாக இருக்கைகள் பிரிந்திருந்தன. அந்தப் பிரிவினை கப்பலேறி வரவில்லை. இன்றும் சில ஊர்களில் சபைத் தேர்தல் வந்தால் அது எந்த முகத்தோடு வெளியே வருகிறது என்பது நம் எல்லாருக்கும் தெரியும்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டே புதிய எருசலேம் ஆலயத்துக்குள் நுழைந்தோம். சிலுவை வடிவில் அமைந்த கட்டடம். முகப்பில் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக்கின் இலச்சினை இருக்கிறது. 1706 ஜூலை 9 அன்று சக மிஷனரி புளூட்சோவுடன் இக்கரையில் வந்திறங்கிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு, இந்த ஆலயத்தை 1718 அக்டோபர் 11 அன்று பிரதிஷ்டை செய்து, அடுத்த பிப்ரவரியிலேயே முப்பத்தாறாம் வயதில் மரித்து, இதற்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார். இந்த மிஷனின் தொடக்கமே ஒரு கூட்டுறவாக இருந்தது என்பதை நாம் அதிகம் நினைப்பதில்லை. அனுப்பியவர் டேனிய அரசர். வந்தவர்கள் ஹாலே நகரத்தோடு தொடர்புள்ள ஜெர்மானியர். அச்சு இயந்திரத்தை அனுப்பியதோ இங்கிலாந்தில் ஆங்கிலிக்கர் நடத்திய எஸ்.பி.சி.கே. சங்கம். தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அச்சேறி முடிந்தபோது அதில் மூன்று நாட்டாரின் கை இருந்தது. பொறையாற்றுப் பக்கத்தில் கடுதாசிப்பட்டறை என்ற ஊர்ப்பெயர் இன்றும் அந்தக் காலத்துக் காகித ஆலையை நினைவூட்டுகிறது.

இங்கே எங்கள் லுத்தரன் சகோதரிகள் ஒரு முறையை வகுத்தார்கள். எவரும் நீண்ட ஜெபம் செய்யக் கூடாது. ஒருவருக்கு ஒரே ஒரு வாக்கியம். அதுவும் தம் சபைக்காக அன்றி அடுத்த சபைக்காக. நான் லுத்தரன் சபையின் போதகருக்காக ஜெபித்தேன். லுத்தரன் சகோதரி ஒருவர் கத்தோலிக்கப் பங்கின் நோயாளிகளுக்காக ஜெபித்தார். என் சபைக்காக ஜெபித்த கத்தோலிக்கப் பெண், எங்கள் சபைக் குழுவுக்குள் இருக்கும் மனவருத்தங்களைப் பெயர் சொல்லாமல் குறிப்பிட்டு, அவை தீர வேண்டும் என்று கேட்டார். அடுத்த வீட்டுச் சண்டை அடுத்த வீட்டாருக்குக் கேட்காமலா இருக்கும்? எனக்கு வெட்கமாகவும் ஆறுதலாகவும் இருந்தது.

ஒன்றிப்புக்கு வித்திட்ட ஊரின் சபையாகிய லுத்தரன் திருச்சபை ஏன் 1947இல் சேரவில்லை என்று இளம் சகோதரி ஒருத்தி கேட்டாள். அறிக்கை பிறந்த அதே 1919ஆம் ஆண்டு ஜனவரியில்தான் அத்திருச்சபை தனித் திருச்சபையாக அமைந்தது. அதன் தலைவர் இன்றும் தரங்கைப் பேராயர் என்றே அழைக்கப்படுகிறார். விசுவாச அறிக்கை, பேராயர் ஊழியம் ஆகியவை பற்றிய கருத்துகளில் லுத்தரன்களுக்குத் தயக்கம் இருந்தது. 1948 முதல் இரு திருச்சபைகளும் இறையியல் உரையாடல் நடத்தி, பல காரியங்களில் உடன்பாடும் கண்டன; இணைப்பு மட்டும் நடக்கவில்லை. ஆனால் 1969இல் இரு தரப்பும் சேர்ந்து மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியை உருவாக்கின. ஆகவே ராஜ வீதியின் இரண்டு ஆலயங்களிலும் ஊழியம் செய்யும் போதகர்கள் ஒரே வகுப்பில் படித்த நண்பர்களாக இருப்பதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. கத்தோலிக்கரோடு நிலை வேறு. நற்கருணையில் ஒன்றாகப் பங்கெடுக்க முடியாது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அதை மறைத்துப் பேசாமல் இருந்ததே நாள் முழுவதும் இலகுவாகச் செல்ல உதவியது.

திரும்பும் வழியில் வேனிலேயே, ஊரில் ஒரு கூட்டு ஜெப வேளையை ஏற்படுத்துவது பற்றிப் பேசினோம். நாள் குறிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. செவ்வாய் புனித அந்தோணியார் நவநாள். புதன் சகாய மாதா நவநாள். வெள்ளி எங்கள் உபவாச ஜெபம். சனிக்கிழமை லுத்தரன் பாடகர் குழுவின் பயிற்சி. வியாழன் வீட்டு ஜெபக் கூட்டம். எவருக்கும் எதையும் விட்டுக்கொடுக்க மனமில்லை. விட்டுக்கொடுக்கச் சொல்லவும் நியாயமில்லை. கடைசியில், எந்தச் சபையும் சொந்தம் கொண்டாடாத திங்கட்கிழமை கிடைத்தது. மாலை ஆறரை முதல் ஏழு வரை. பாதி நேரம் மௌனம், மீதி நேரம் ஒருவருக்கு ஒரு வாக்கியம். அறிவிப்பு, காணிக்கை, தேநீர் எதுவும் கிடையாது. மூன்று ஆலயங்களிலும் முறைவைத்துக் கூட வேண்டும் என்பதில் எல்லாரும் உடன்பட்டார்கள். தவக்காலத்துத் திங்கட்கிழமைகளை லுத்தரன் சபையார் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். தேநீரை நிறுத்தியது சரியல்ல என்று எங்கள் சங்கப் பொருளாளர் மட்டும் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.