எஸ்டிபிஎம் பெங்காஜியான் ஆம்: கூட்டணி ஆட்சிய இப்படி படிங்க

மலேசியாவுல கெடா மாநிலத்து பாடாங் செராய், லூனாஸ் பக்கத்து தோட்டத்துல இருந்து படிவம் ஆறு போயி, எஸ்டிபிஎம் பரீட்சைக்கு பெங்காஜியான் ஆம்ங்கற பொதுப்பாடம் படிக்கற தம்பி தங்கச்சிங்களுக்கு இது. கூட்டணி அரசாங்கம்னு படிக்க ஒக்காந்தா நெறைய பேர் கட்சி பேரா மனப்பாடம் பண்றீங்க, அதை விடுங்க, மொதல்ல 112ங்கற நம்பர புடிங்க. மக்களவையில 222 சீட்டு, பாதிக்கு மேலன்னா 112. அரசியலமைப்பு 43வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, பெரும்பான்மை எம்பிங்களோட நம்பிக்கை யாருக்கு இருக்கும்னு மாமன்னர் நினைக்கறாரோ அவரத்தான் பிரதமரா போடணும். பெரிய கட்சித் தலைவர்னு எங்கயும் இல்ல. இது புரிஞ்சாலே 2020ல பிரதமர் மகாதீர் போய் முகிடின், 2021ல இஸ்மாயில் சப்ரின்னு, நடுவுல பொதுத்தேர்தலே இல்லாம எப்படி வந்தாங்கன்னு தெளிவாயிடும்.

அடுத்தது, தேர்தலுக்கு முன்னாடி சேர்றதும் பின்னாடி சேர்றதும் வேற வேற. 1955ல மலாய்க்காரங்க கட்சி அம்னோ, சீனர் கட்சி மசீச, இந்தியர் கட்சி மஇகா மூணும் ஒண்ணா நின்னு 52ல 51 ஜெயிச்சது மொத வகை. 2022 நவம்பர்ல யாருக்குமே 112 கிடைக்கல, எதிரெதிரா பிரச்சாரம் பண்ணின பாக்கத்தான், பாரிசான்ங்கற ரெண்டு கூட்டணியும் அப்பறம்தான் சேந்தாங்க. இதுக்கு நம்ம பாடாங் செராய் தொகுதிய விட நல்ல உதாரணம் கிடைக்காது, வேட்பாளர் இறந்ததால இங்க ஓட்டு டிசம்பர் 7க்கு தள்ளிப்போச்சு, அதுக்குள்ள பாக்கத்தான் தலைவர் அன்வார் பிரதமரா பதவியேத்துட்டாரு, பாரிசான் வேட்பாளரும் பாக்கத்தானுக்காக ஒதுங்கிகிட்டாரு, அப்பவும் ஜெயிச்சது எதிர்க்கூட்டணி பெரிக்காத்தான்தான். தலைவருங்க கைகோத்தா ஓட்டும் கூடவே போகும்னு நம்ப முடியாதுங்கறத கட்டுரையில இத வெச்சே எழுதலாம்.

பேராக் மாநிலத்துல 2009ல நடந்தத கட்டாயம் படிங்க. சட்டமன்றத்துல 59 சீட்டுல 31க்கு 28னு இருந்த ஆட்சி, மூணு பேர் விலகி அந்தப் பக்கம் ஆதரவு குடுத்ததும் 28க்கு 31 ஆயி கவுந்துடுச்சு. ஓட்டு போட்ட சனங்கள யாரும் ஒரு வார்த்தை கேக்கல, எனக்கு இன்னிக்கும் அதுல ஆத்திரம்தான். கட்சித் தாவல் தடைச் சட்டம் 2022 அக்டோபர் 5ல தான் அமலுக்கு வந்துச்சு. கட்சிய விட்டு விலகினா சீட்டு போயிடும், ஆனா கட்சியே தூக்குனா போகாது, ஒரு கட்சி மொத்தமா கூட்டணி மாறுனாலும் போகாது. இந்த ஓட்டைய விளக்கி எழுதுங்க, வெறும் தேதி எழுதறவங்கள விட உங்க பதில் தனியா தெரியும்.

நான் மணிலா அட்டையில கோடு போட்டு, வருஷம், சீட்டு கணக்கு, பிரதமர் ஏன் போனாரு, இப்படி மூணு கட்டம் வெச்சு அலமாரி கதவுல ஒட்டியிருந்தேன். சீட்டு கணக்க மட்டும் பென்சில்ல எழுதுங்க, இடைத்தேர்தல் வந்தா மாத்தணும்ல.