9 எம்.எம். பிஸ்டலைக் கழற்றி மாட்டும் தேர்வு: மணிமுத்தாறு வரும் தம்பிகளுக்கு

போலீஸ் பயிற்சிக்கு மணிமுத்தாறு வரப்போகிற நம்ம ஊர்ப் பையன்கள் என்னைப் பார்த்தால் ஓட்டத்தைப் பற்றிக் கேட்பார்கள், கயிறு ஏறுவதைப் பற்றிக் கேட்பார்கள், சாப்பாடு எப்படி என்றுகூடக் கேட்பார்கள். ஆயுதத் தேர்வைப் பற்றி ஒருத்தரும் கேட்டதில்லை. இன்சாஸ், எஸ்.எல்.ஆர். ரைஃபிள் எல்லாம் பெரிய ஆயுதம் என்ற பயத்தில் நன்றாகப் பழகிவிடுகிறார்கள். கையடக்கமான பிஸ்டலை மட்டும் ‘இதுல என்ன இருக்கு, நாலு பாகம்தானே’ என்று விட்டுவிட்டு, தேர்வு மேஜை முன்னால் நின்று முழிக்கிறார்கள்.

பாகம் என்னவோ கொஞ்சம்தான். தோட்டா அடுக்கும் மேகசின், மேலே முன்னும் பின்னும் ஓடுகிற ஸ்லைடு, குழலான பேரல், கைடு என்ற கம்பியோடு சேர்ந்த ரீகாயில் ஸ்பிரிங், குறுக்கே போகிற ஸ்லைடு ஸ்டாப், கீழே கைப்பிடியோடு ஃபிரேம். கழற்றுவது யாருக்கும் வந்துவிடும். துடைத்து எண்ணெய் போட்டுத் திரும்ப மாட்டும்போதுதான் கை நடுங்கும்.

முதலில் எண்ணெய். சாரல் காலத்திலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் மலையடிவாரத்தில் காற்றே ஈரமாக இருக்கும், வியர்த்த விரல் பட்ட இடம் சீக்கிரமே துரு பிடிக்கும். அதற்காக எண்ணெயைக் கொட்டினால் தூசியும் கரியும் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். பேரலின் உட்புறத்தைச் சேம்பர், அதாவது தோட்டா உட்காரும் பின்முனை, பக்கமிருந்து துடையுங்கள், துணி சுத்தமாக வெளியே வருகிற வரைக்கும். பிறகு மெல்லிசாக ஒரு எண்ணெய்த் துணி. ஸ்லைடு ஓடுகிற இரண்டு தடத்திலும் விரல் நுனியால் தொட்டு வைத்தால் போதும்.

இனி மாட்டுவது. ஸ்லைடைத் தலைகீழாகப் பிடித்து பேரலை உள்ளே இறக்குங்கள், அது ஆடாமல் படிந்து உட்காரும். அடுத்து ஸ்பிரிங். முன்முனையை ஸ்லைடின் முன்பக்கத் துளைக்குள் விட்டு, கொஞ்சம் அழுத்திப் பின்முனையை பேரலுக்கு அடியில் இருக்கும் மேட்டில் உட்கார வைக்க வேண்டும். கட்டை விரலை எடுத்துவிட்டால் ஸ்பிரிங் துள்ளிப் போய் எங்கேயாவது விழும், அப்புறம் ஹால் முழுக்க உங்களைத்தான் பார்க்கும்! கைடு கோணலாக உட்கார்ந்தாலும் ஸ்லைடு ஃபிரேமில் ஏறிவிடும். அதனால் அப்போதைக்கு ஒன்றும் தெரியாது, அடுத்த கட்டத்தில்தான் முட்டும். ஏற்றுவதற்கு முன் ஒரு தடவை குனிந்து நேராக இருக்கிறதா என்று பாருங்கள்.

அந்த அடுத்த கட்டம்தான் இந்தத் தேர்வே. ட்ரிகரை அழுத்தினால் விழுந்து அடிக்கிற ஹேமர் பின்னால் இழுத்த நிலையில் இருக்க, ஸ்லைடை ஃபிரேமில் ஏற்றிப் பின்னால் இழுத்து, சேஃப்டி என்ற பூட்டு லீவரை மேலே தூக்கி ஸ்லைடில் அதற்கென்று இருக்கும் வெட்டில் மாட்டுங்கள். ஸ்லைடில் இரண்டு வெட்டு உண்டு, பிஸ்டலைக் கழற்றி மாட்டுவதற்கானது முன்பக்கம் இருப்பது. இப்படிப் பூட்டாமல் ஒரு கையால் ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டு மறுகையால் ஸ்லைடு ஸ்டாப்பைத் திணிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், துளை நேருக்கு நேர் வரவே வராது. பூட்டிய பிறகு இடப்பக்கமிருந்து ஸ்லைடு ஸ்டாப்பை நேராக அழுத்தினால், கடைசியில் லேசாகத் தடுத்து ‘டிக்’ என்று உட்காரும். கைடின் பின்முனையில் ஸ்பிரிங் வைத்த சின்ன உருண்டை ஒன்று இருக்கிறது, அது ஸ்டாப்பின் பள்ளத்தில் விழுகிற சத்தம் அது. ‘டிக்’ கேட்கவில்லையா, சுத்தியல் தேடாதீர்கள். கைடுதான் கோணலாக இருக்கும். இறக்கிச் சரிசெய்து மறுபடி ஏற்றுங்கள்.

சரி, மாட்டியாச்சு. ஸ்லைடை முன்னால் விட்டு ட்ரிகரை அழுத்திப் பார்த்தால் ஹேமர் விழாது. பாதிப் பேர் இங்கேதான் பதறிப்போய், தப்பாக மாட்டிவிட்டோம் என்று நினைத்து மறுபடி கழற்ற ஆரம்பிக்கிறார்கள். இந்த பிஸ்டலில் மேகசின் உள்ளே இல்லாமல் ட்ரிகர் வேலை செய்யாது, அதுவும் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. காலி மேகசினைப் போட்டு, குண்டு பட்டாலும் ஆபத்தில்லாத திசையில் பிடித்து அழுத்துங்கள், விழும். காலி மேகசினோடு ஸ்லைடை இழுத்தால் அது பின்னாலேயே நின்றுகொள்ளும், அதையும் கோளாறு என்று நினைக்க வேண்டாம்.

வேகத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கண்ணைக் கட்டிக்கொண்டு மாட்டுகிறேன் என்று பேரக்கில் பந்தயம் கட்டுவார்கள், பார்க்க நன்றாகத்தான் இருக்கும். தேர்வு எடுக்கிற அதிகாரி பார்ப்பதோ உங்கள் பேரல் முனை யார் பக்கம் திரும்புகிறது, விரல் ட்ரிகர் மேல் கிடக்கிறதா, தொடங்கும்போது மேகசினை எடுத்துவிட்டுச் சேம்பரைக் கண்ணால் பார்த்தீர்களா என்பதை. மேகசினை எடுக்காமலே ஸ்லைடை இழுத்தால், உள்ளே ரவுண்டு, அதாவது தோட்டா, இருக்கும் பட்சத்தில் நீங்களே லோடு பண்ணிவிடுகிறீர்கள். இந்த வரிசையில் சறுக்கினால் மீதி எவ்வளவு அழகாகச் செய்தாலும் அவர் முகம் மாறிவிடும். ஆயுதத்தை அறைக்குக் கொண்டுவர முடியாது, ஆகவே ராத்திரியில் படம் வரைந்து வைத்துக்கொண்டு, ‘ஸ்பிரிங் வச்சாச்சு மக்கா, அடுத்து என்ன?’ என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொள்வது எங்களுக்கு நன்றாகவே கைகொடுத்தது.

வாய்மொழிக் கேள்விக்கு இவ்வளவு தெரிந்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். காலிபர், அதாவது குழலின் உள்விட்டம், 9 எம்.எம்., மேகசினில் 13 ரவுண்டு, சுட்டவுடன் பேரலும் ஸ்லைடும் கொஞ்சதூரம் சேர்ந்தே பின்னால் போய் அப்புறம் பிரியும், அதுதான் ஷார்ட் ரீகாயில். இதே 9×19 தோட்டாதான் கார்பைன் என்ற குட்டைத் துப்பாக்கிக்கும். வடிவமைப்பு அமெரிக்கத் துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரௌனிங் தொடங்கியது, 1926-ல் அவர் இறந்தபின் பெல்ஜியத்தில் முடித்து 1935-ல் வெளிவந்தது, நம் நாட்டில் இஷாப்பூரில் செய்கிறார்கள்.

திருப்பிக் கொடுக்கும்போது மேகசின் தனியாக, ஸ்லைடு பின்னால் நிற்க, சேம்பர் தேர்வு அதிகாரிக்குத் தெரிகிற மாதிரி நீட்டுங்கள். அவர் பார்த்து, காலி என்று சொன்ன பிறகு கையை எடுங்கள்.