எட்டாம் மாதம் திறந்த தொட்டி

எங்கள் கடற்கரையில் இரண்டு முழம் தோண்டினாலே தண்ணீர் ஊறிவிடும் இடங்கள் உண்டு. அங்கே குழிக் கழிப்பறை கட்டினால் கழிவு நேராகக் கிணற்றுக்குப் போய்ச் சேரும். 2004 சுனாமிக்குப் பிறகு, குமரி மாவட்டத்து மணக்குடியை அடுத்த ஒரு கரையில் தரைக்கு மேலே கட்டிய உலர் கழிப்பறைகளைப் பராமரிக்கும் வேலையில் சேர்ந்தேன்.

இரண்டு தொட்டிகள், அடியில் கான்கிரீட். மலம் மட்டும் தொட்டியில் விழும். சிறுநீருக்குத் தனிக் கிண்ணம். கால் கழுவும் தண்ணீர் பின்னால் உள்ள கல்வாழைப் பாத்திக்குப் போகும். ஒவ்வொரு முறையும் மேலே ஒரு சிரட்டை சாம்பல் தூவ வேண்டும். ஒரு தொட்டி நிறைந்ததும், உள்ளே இருப்பது மக்கி உரமாகட்டும் என்று மூடிவிட்டு அடுத்ததைப் பயன்படுத்துவார்கள். வீடுகளில் எரிவாயு அடுப்பு வந்த பிறகு சாம்பல் கிடைப்பதே பெரும்பாடாகிவிட்டது. விறகடுப்பு வைத்திருந்த டீக்கடைகளில் சாக்கோடு போய் நிற்பேன். மரத்தூள் ஈரத்தை உறிஞ்சும். ஆனால் சாம்பலுக்கு உள்ள காரத்தன்மை அதற்குக் கிடையாது.

ஒரு வீட்டில் மூடிய தொட்டியை எட்டாம் மாதம் திறந்தேன். “நேந்திரன் வாழைக்கன்று வந்துவிட்டது மக்களே, உரம் கொடு” என்று அந்த வீட்டுப் பெரியவர் நாள்தோறும் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே கறுப்பாக, மண் போலவே இருந்தது. நாற்றம் இல்லை. எடுக்கலாம் என்று சொல்லிவிட்டேன். கூலிக்கு வந்தவர் வெறுங்காலோடு மண்வெட்டியை எடுத்தார்.

அந்த நேரத்தில் மேற்பார்வைக்கு வந்த அக்கா அவரை நிறுத்திவிட்டு, ஒரு கம்பால் தொட்டியின் நடுவில் குத்திக் காட்டினார். கம்பு நனைந்து வந்தது. கழுவிய தண்ணீர் எப்போதோ உள்ளே போயிருக்கிறது.

நாற்றம் போனால் நோயும் போய்விட்டது என்று நான் நினைத்திருந்தேன். மனிதக் குடலில் வாழும் நாக்குப்பூச்சியின் முட்டைக்குத் தடித்த ஓடு. ஈர மண்ணில் மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில்கூட உயிரோடு கிடக்கும். ஒரு வாரம் 50 டிகிரிக்கு மேல் சூடேறினால் செத்துவிடும். ஆனால் வீட்டுத் தொட்டியில் அந்தச் சூடு நிற்பதில்லை. எங்களுக்கு இருக்கும் மருந்து உலர்ச்சியும் சாம்பலும் காலமும்தான். 20 முதல் 35 டிகிரி வரை வெப்பமுள்ள இடங்களில் ஓராண்டுக்கு மேல் மூடி வைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வழிகாட்டுதல் சொல்கிறது.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வாழையைப் பற்றிய கவலை இல்லை. அதன் குலை தலைக்கு மேலே தொங்குகிறது. அந்த வெறுங்கால்கள்தான் கண்ணில் நின்றன. மலம் அள்ளுவதைச் சில சாதிகளின் தலையில் கட்டிய நாடு இது. மனிதரைக் கொண்டு அதை அள்ள வைப்பதைத் தடுக்க 2013-லும் ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது. பாதி மக்கியதை உரம் என்று பெயர் சொல்லி ஒருவரை அள்ள விட்டால், நான் செய்வதும் அந்தப் பழைய அநியாயம்தானே?

தொட்டியில் இன்னும் சாம்பல் போட்டுக் கிளறி மூடினோம். மூடிய தேதியைச் சுவரில் சுண்ணாம்பால் எழுதி வைத்தேன். அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் தேதி எழுதாமல் நான் தொட்டியை மூடியதில்லை. பெரியவர் என்னோடு இரண்டு மாதம் பேசவில்லை.

மறு ஆண்டு திறந்தபோது கையில் எடுத்தால் உதிர்ந்தது. “கீரைப் பாத்திக்கு வேண்டாம் பாட்டா, வாழைக்கும் தென்னைக்கும் போதும்” என்றேன். கையுறையும் காலணியும் கொடுத்தேன். கூலிக்கு ஆள் கூப்பிடவா என்று கேட்டதற்கு, “என் வீட்டு மண்தானே” என்று சொல்லிவிட்டு அவரே மண்வெட்டியோடு இறங்கினார்.