திசுவுக்குள் கிடக்கும் ஸ்டேபிள்

பெங்களூரு நோயியல் ஆய்வகங்களில் வேலை செய்யும் நம் ஊர்த் தம்பி தங்கைகளே, அறுவையில் வெட்டி அனுப்பிய குடல் திசுவில், தையலுக்குப் பதில் போடும் சிறு கம்பியான உலோக ஸ்டேபிள் இருந்தால் அதை எடுக்க வேண்டியவர் திசுவைத் துண்டு போடுபவர்தான். திசுவைப் பதிக்கும் மெழுகுக் கட்டிக்குள் அது போய்விட்டால், 3, 4 மைக்ரான் தடிமனில் சீவும் மைக்ரோடோம் கத்தியின் கூர் போகும், திசு கிழியும். புற்றுநோயின் விளிம்பே அந்தக் கிழிசலில் இருந்தால் நோயாளிக்கு யார் பதில் சொல்வது?

அதற்காக அறுவை அரங்கிலேயே எல்லாவற்றையும் பிடுங்கி அனுப்பவும் கூடாது. மார்பகத் திசுவில் போடும் தையல் முடிச்சு எது மேல்பக்கம், எது வெளிப்பக்கம் என்று காட்டும் அடையாளம். திசுவின் பக்கங்களை அடையாளப்படுத்த மை பூசிய பிறகே அதை அகற்ற வேண்டும்.

ஆனால் உள்ளே கம்பி இருக்கிறது என்று படிவத்தில் ஒரு வரி எழுதுவது அறுவை மருத்துவரின் கடமை. எழுதாமல் அனுப்பினால் எனக்குக் கோபம் வருகிறது. ஃபார்மலின் என்னும் பதப்படுத்தும் திரவத்தில் ஊறாத திசுவில் ஹெபடைடிஸ் பி வைரஸ் தொற்றும் நிலையில் இருக்கலாம். கம்பி குத்துவதோ உங்கள் விரலில். சந்தேகம் வந்தால் வெட்டுவதற்கு முன்பே போன் செய்து கேளுங்கள்.