குறுக்குவழியில் ஒளிந்திருந்த முகவரி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி, ரப்பர் தோட்டம் விற்கப்பட்ட பிறகு லயத்திலிருந்து, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலிருந்து, குடிவந்த குடும்பம் ஒன்று இருக்கிறது. எஸ்.பி.எம். என்ற பள்ளியிறுதித் தேர்வை முடித்துவிட்டு உயர்கல்விக்கு விண்ணப்பித்துக்கொண்டிருக்கும் அந்த வீட்டுப் பெண், சென்ற மாதம் தன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். குரோம் உலாவியைத் திறந்தால் அவள் கேட்காத ஏதோவொரு தேடல் பக்கம் வந்து நின்றது. எதைத் தேடினாலும் முதலில் வந்தவை விளம்பரங்களாகவே இருந்தன. "நானும் செட்டிங்ஸ்ல மாத்திப் பாத்துட்டேன் மாமா, மூடித் திறந்தா மறுபடியும் அதேதான் வருது" என்றாள்.

கடையில் காட்டியதற்கு, ஃபார்மட் செய்தால்தான் சரியாகும், 80 வெள்ளி (ரிங்கிட்) ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அவள் தாத்தா பால்மரம் வெட்டிய காலத்துப் படங்களும், இடிக்கப்படுவதற்கு முன் லயத்தின் வாசலில் எல்லாரும் நின்று எடுத்துக்கொண்ட படங்களும் அந்தக் கணினியில்தான் இருந்தன. வேறெங்கும் நகல் இல்லை. முதல் வேலையாக அவற்றை ஒரு பென்டிரைவில் படியெடுத்து அவள் கையில் கொடுத்தேன். முகப்புப் பக்கத்தைக் கடத்தும் மென்பொருளுக்காகக் கணினியையே துடைத்தெடுக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இருப்பதில்லை.

இத்தகைய மென்பொருளின் நோக்கம் கோப்புகளை அழிப்பதன்று. நம் தேடல்களைத் தன் பக்கத்தின் வழியாகத் திருப்பி, ஒவ்வொரு விளம்பரச் சொடுக்கிலும் காசு பார்ப்பதே அதன் தொழில். 2017இல் ஃபயர்பால் என்ற இவ்வகை மென்பொருள் உலகெங்கும் 25 கோடிக் கணினிகளில் புகுந்திருப்பதாகச் செக் பாயிண்ட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அறிவித்தது. அந்த எண்ணிக்கை மிகை என்று மைக்ரோசாப்ட் மறுத்தாலும், இது எவ்வளவு பெரிய வியாபாரம் என்பது அதிலிருந்தே புரியும். பெரும்பாலும் இவை வேறொரு இலவச மென்பொருளின் முதுகில் ஏறித்தான் வருகின்றன. விண்ணப்பத்துடன் இணைக்க வேண்டிய பிடிஎஃப் கோப்பின் அளவைக் குறைப்பதற்காக அவள் ஒரு மென்பொருளை இறக்கியிருந்தாள். நிறுவும்போது ஏற்கெனவே குறியிடப்பட்டிருந்த சின்னக் கட்டங்களை யார்தான் வாசிக்கிறார்கள்? அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

விண்டோஸில் நிறுவப்பட்ட செயலிகளைத் தேதிவாரியாக வரிசைப்படுத்தியபோது, அந்த மென்பொருள் வந்த அதே நாளில் அவள் அறியாத வேறு இரண்டும் வந்து உட்கார்ந்திருந்தன. மூன்றையும் நீக்கினோம். குரோமில் ஒரு நீட்சி, அதாவது உலாவியோடு ஒட்டிக்கொள்ளும் எக்ஸ்டென்ஷன், மட்டும் அசையவில்லை. அதற்கு நீக்கும் பொத்தானே செயல்படவில்லை. 'உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது' என்ற வாசகமும் குரோமின் மூன்று புள்ளிப் பட்டியலின் அடியில் இருந்தது. பள்ளியோ அலுவலகமோ கொடுத்த கணினியில் அந்த வாசகம் இயல்பானது. சொந்தக் காசில் வாங்கிய கணினியில் அது இருந்தால், யாரோ நிறுவனம்போல் நடித்துக் கட்டளை எழுதி வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்க வேண்டும். முகவரிப் பட்டையில் குரோம், முக்காற்புள்ளி, இரு சாய்கோடு, பாலிசி என்று ஆங்கிலத்தில் தட்டினால் அந்தக் கட்டளைகள் தெரியும். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் பாலிசீஸ் கிளைக்குள், கூகுள் என்பதன் கீழ் குரோம் என்றிருந்த பகுதியை, முதலில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு அழித்தேன். அதன் பிறகே நீட்சி நீங்கியது.

அப்படியும் அதே பக்கம் வந்தது! பலரும் கைவிட்டுவிடும் இடம் இதுதான். மேசைத்திரையில் உள்ள குரோம் குறுக்குவழிப் படத்தின் (ஷார்ட்கட்) மேல் வலச்சொடுக்கு செய்து, அதன் பண்புகளில் 'டார்கெட்' என்ற வரியைப் பார்க்கச் சொன்னேன். அந்தப் பெட்டி சிறியதாக இருப்பதால் வரியின் முடிவு கண்ணுக்குத் தெரியாது. அம்புக்குறி விசையால் கடைசிவரை நகர வேண்டும். 'குரோம் டாட் இஎக்ஸ்இ' என்பதோடு முடிய வேண்டிய வரி, மேற்கோள் குறிக்குப் பிறகு ஓர் இடைவெளி விட்டு, அந்தத் தேடல் பக்கத்தின் முழு முகவரியோடு முடிந்தது. உலாவிக்குள் எத்தனை முறை மாற்றினாலும், திறக்கும் கதவிலேயே முகவரி எழுதியிருந்தால் அங்கேதானே போகும்? மேற்கோள் குறிக்குப் பின்னால் இருந்ததை அவளே அழித்தாள். பணிப்பட்டையிலும் தொடக்கப் பட்டியலிலும் இருக்கும் குறுக்குவழிகள் தனித்தனிக் கோப்புகள் என்பதால் அவற்றையும் பார்த்தோம்; பணிப்பட்டையில் இருந்ததிலும் அதே முகவரி ஒட்டிக்கொண்டிருந்தது.

மிச்சம் மீதி இருக்கிறதா என்று மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் அட்வ்கிளீனர் என்ற துப்புரவு மென்பொருளை ஓட்டினேன். அதை நிறுவக்கூடத் தேவையில்லை. குரோமுக்குள்ளேயே ஒரு துப்புரவுக் கருவி உண்டு என்று பழைய குறிப்புகள் சொல்லும். கூகுள் அதை 2023இல் நீக்கிவிட்டது, தேட வேண்டாம்.

மூன்றாம் நாள் நீட்சி திரும்பி வந்தது. ஈப்போவில் அண்ணன் வீட்டுக் கணினியிலும் அவள் அதே கூகுள் கணக்கில் நுழைந்திருந்தாள். ஒரே கணக்கிலுள்ள கணினிகளின் உலாவி அமைப்புகளை ஒன்றுபோல் வைக்கும் ஒத்திசைவு (சிங்க்) வழியாக அங்கிருந்து இங்கே இறங்கியிருக்கிறது. ஒத்திசைவை நிறுத்தி, நீட்சியை இங்கே மறுபடி நீக்கினோம். எல்லாத் தளங்களிலும் உள்ள தரவைப் படிக்கும் அனுமதி அதற்கு இருந்ததால், மின்னஞ்சல், வங்கி, விண்ணப்பத் தளம் மூன்றின் கடவுச்சொற்களையும் அவள் அம்மாவின் கைப்பேசியிலிருந்து மாற்ற வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஈப்போவுக்குப் போனாள். அண்ணனின் கணினியில் டார்கெட் வரியின் கடைசிவரை நகர்ந்து, அங்கே இருந்த முகவரியைப் படம் பிடித்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, அதன் பிறகு அழித்தாள்.